சத்தமில்லா அறையும் அஜீசுன்னிசாவும்

ராயபுரத்தில் மெத்தைக்கார அஜீசுன்னிசாவின் வீட்டை யாரும் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சந்து முனையில் நின்று காதைக் கொடுத்தால் போதும். "சோறு வெக்கட்டா?" என்று அவள் தன் புருஷனைக் கேட்பது நாலு வீடு தள்ளி இருக்கும் ரோஸ்மேரியின் அடுப்படி வரை கேட்கும். சில நாள் ரோஸ்மேரியே, "வெச்சுடு அஜீசு, பாவம் மனுசன் பசியோட கீறாரு!" என்று அங்கிருந்தே பதில் சொல்லிவிடுவாள்.

அஜீசுன்னிசா அந்தக் குரலோடு பிறந்தவள் அல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேசுவது மாமியாருக்கே கேட்காது என்பார்கள். புருஷன் மதார் சாகிப்புக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குத் துரு தட்டுகிற வேலை. கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, இரும்புச் சுவரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியால் அடிக்க வேண்டும். உள்ளே இருபது பேர் அடிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அப்படி அடித்ததில் கப்பல்களுக்குத் துரு போனது, மதார் சாகிப்புக்குக் காது போனது. அவருடைய காது ஒரு படி இறங்கும்போதெல்லாம் அஜீசுன்னிசாவின் குரல் ஒரு படி ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அவளுக்கே அது தெரியவில்லை. மாவு கேட்டாலும் உப்பு கேட்டாலும் தெருவே திரும்பிப் பார்ப்பதை, தன் மேல் உள்ள மரியாதை என்று நினைத்திருந்தாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் கோடையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மின்விசிறி செய்கிற தொழிற்சாலையிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. அங்கே மேனேஜராக இருந்தவர் ஆறுமுகநயினார், திருநெல்வேலிக்காரர். மகள் கல்யாணத்துக்கு அஜீசுன்னிசாவிடம்தான் மெத்தை தைத்து வாங்கியிருந்தார். ஆகவே மறுபடியும் ஏதோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு அவள் அளவு நாடாவோடு போய் இறங்கினாள்.

"கட்டிலு எத்தினி அடி சார்?" என்றாள். மேனேஜர் மேசையில் இருந்த காகிதம் பறக்காததுதான் பாக்கி.

"கட்டில் இல்லம்மா, சுவரு" என்றார் ஆறுமுகநயினார். "ஒரு அறை. நாலு சுவருக்கும் மேக்கூரைக்கும் மெத்தை தைக்கணும்."

"செவுத்துக்கா? செவுரு இன்னா படுத்து தூங்கப் போவுதா?"

பக்கத்தில் நின்ற இளம் இன்ஜினியர் சிரித்துவிட்டார். அவர் பெயர் கருணாகரன். சீமையில் ஒன்றரை வருஷம் பயிற்சி முடித்து வந்தவர். விஷயத்தை அவர்தான் விளக்கினார். சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கென்று அறுநூறு மின்விசிறி வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். அதில் ஒரு நிபந்தனை: விசிறி ஓடும்போது மூன்றடி தூரத்தில் சத்தம் நாற்பத்தைந்து டெசிபலுக்கு மேல் இருக்கக் கூடாது, அளந்து காட்ட வேண்டும். அளப்பதற்கென்று கப்பலில் ஒரு கருவி வந்திருந்தது. மரப்பெட்டிக்குள் முள் ஆடும் சாதனம், அதோடு ஒரு நீளமான ஒயர், ஒயரின் நுனியில் ஒரு மைக்.

கருவி வந்த அன்றைக்கே விசிறிகள் பூட்டுகிற கொட்டகையில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். விசிறியை நிறுத்தியிருந்தபோது முள் எழுபத்தெட்டில் நின்றது. ஓடவிட்டபோது எழுபத்தொன்பது.

"பாத்தீரா! நம்ம காத்தாடி போடுற சத்தம் ஒரே ஒரு டெசிபல்!" என்று ஆறுமுகநயினார் துள்ளினாராம். அன்றைக்குக் கொட்டகையில் எல்லாருக்கும் டீ.

ஒலியை அப்படிக் கழிக்க முடியாது, சுற்றுப்புறச் சத்தம் விசிறியின் சத்தத்தைவிடப் பத்து டெசிபலாவது குறைவாக இருந்தால்தான் அளப்பது விசிறியை, இல்லாவிட்டால் நாம் அளப்பது திருவொற்றியூரை என்று கருணாகரன் அவருக்குப் புரியவைக்க மூன்று நாள் ஆனது. நாலாவது நாள் ஆறுமுகநயினார் அரைமனதாகச் சம்மதித்தார். டீ கொடுத்தது கொடுத்ததுதான்.

அந்த வட்டாரத்தில் அமைதியான இடம் தேடுவது லேசான காரியமா? கருணாகரன் கருவியைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை முழுக்க அலைந்தார். முன்பக்கம் நெடுஞ்சாலை. மேற்கே ரயில் பாதை; என்ஜின் ஊதினால் முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் தகடு வெட்டும் பிரஸ். கடைசியில் கிழக்கு மூலையில், கடலுக்கு முதுகு காட்டி நின்ற பழைய உப்புக் கிடங்கு அகப்பட்டது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம்.

அதைத்தான் தயார் செய்தார்கள். உள்ளே கிடந்த பீப்பாய், சங்கிலி, ஓட்டைத் தகரம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோனார்கள். சத்தம் கேட்டால் தானும் சேர்ந்து அதிரக்கூடிய எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது கருணாகரனின் சட்டம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒரு கதவுக்கு இரண்டு கதவு. விசிறியைக் கூரையில் மாட்டாமல், தனியாக ஒரு தேக்குச் சட்டத்தில் தொங்கவிட்டு, சட்டத்தின் கால்களுக்கு அடியில் லாரி டயரைத் துண்டு போட்டு வைத்தார்கள். முள் இருக்கிற பெட்டி வெளியே. அளக்கிற ஆளின் உடம்பே சத்தத்தைத் திருப்பி அனுப்புமாம். அதனால் மைக்கும் விசிறியும் மட்டும்தான் உள்ளே.

பாக்கி இருந்தது சுவர். அது அஜீசுன்னிசாவின் பங்கு.

ஒன்றரை மாதம் அவள் ரயிலேறி வந்து போனாள். துணைக்கு இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். இலவம்பஞ்சு வேண்டாம், பருத்திதான் கனம் தாங்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தைத்த மெத்தைகளைச் சுவரில் அறைந்து முடித்ததும் கருணாகரன் உள்ளே நின்று கை தட்டிப் பார்த்தார். எதிரொலி இல்லை. ஆனால் பிரஸ் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அறைக்குள் 'கும்' என்று ஒரு முனகல் தங்கிப் போனது.

"மெத்தைய சுவத்தோட ஒட்டாம ஒரு சாண் தள்ளித் தொங்கவிடணும்மா. அப்பதான் கனத்த சத்தம் அடங்கும்" என்றார் கருணாகரன். "ஆனா மேனேஜர் ஒத்துக்கல. அறை சின்னதாயிடுமாம்."

"அவுரு இன்னா இங்க குடித்தனமா பண்ணப் போறாரு?" என்றாள் அஜீசுன்னிசா. அன்றைக்கு மத்தியானம் ஆறுமுகநயினார் சாப்பிடப் போனபோது மூங்கில் கட்டி, கயிறு இழுத்து, அத்தனை மெத்தையையும் ஒரு சாண் முன்னால் கொண்டுவந்துவிட்டாள். திரும்பி வந்தவர் அறையைப் பார்த்தார், வித்தியாசம் தெரியவில்லை. "நல்லா இருக்கே, இப்படியே விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம், கூட வந்த பெண்கள் கிளம்பிய பிறகு, விட்டுப்போன ஒரு ஊசியைத் தேடி அஜீசுன்னிசா தனியாக உள்ளே போனாள். இரண்டு கதவும் தானாகச் சாத்திக்கொண்டன. முதலில் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். பிறகு 'தப் தப்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் துணி துவைக்கிறார்கள் போல. அது தன் நெஞ்சு அடித்துக்கொள்வது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யா அல்லா" என்றாள்.

வழக்கமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் அந்தக் குரல் ஒரு மீன்காரி கூவுவது போல, துறைமுகத்துச் சங்கு போல, அவளுடைய காதிலேயே வந்து அறைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுதான் நானா? இதையா பதினெட்டு வருஷமாகத் தெரு கேட்டுக்கொண்டிருக்கிறது? ஊசி காலடியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் ராயபுரம் போய்ச் சேரும் வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவள் "சோறு வெக்கட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். மதார் சாகிப் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் மறுபடியும் கத்தினாள்.

அறை முடிந்ததே தவிர அளவு முடியவில்லை. ஒன்றும் ஓடாதபோதே முள் நாற்பத்தொன்றில் நின்றது. அது முப்பத்தைந்துக்குக் கீழே இறங்க வேண்டும். கருணாகரன் கதவுக்குப் பஞ்சு அடைத்தார், சாவித்துவாரத்துக்கு மெழுகு வைத்தார். நாற்பத்தொன்று. கூரையில் குருவிக்கூடு இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தார். இருந்தது. அதை இடம் மாற்றிய பிறகும் நாற்பத்தொன்று. ஒரு வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்துவிட்டது அவருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை மதார் சாகிப்புக்கு வேலை இல்லை. மிச்சப் பஞ்சு மூட்டையை வீட்டுக்குத் தூக்கிப்போக அவரைக் கூட அழைத்து வந்திருந்தாள் அஜீசுன்னிசா. மூட்டையை இறக்கிவிட்டு மனிதர் கிடங்கின் வெளிச்சுவரில் கையை ஊன்றி நின்றார். சற்று நேரத்தில் கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். பிறகு இரண்டு எட்டு தள்ளி வைத்தார். குனிந்து தரையோரமாக வைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?" என்று கத்தினாள் அஜீசுன்னிசா.

"செவுரு துடிக்குது" என்றார் அவர். "இங்க ஒண்டிதான். கீழ எதுனா இரும்பு கீதா பாரு."

கருணாகரன் ஓடிவந்தார். "அவருக்குத்தான் காது கேக்காதேம்மா?"

"காது கேக்காது சார், கை கேக்கும். கப்பல்ல எந்த எடத்துல தகடு மெலிஞ்சு கீதுன்னு தொட்டே சொல்வாரு."

தோண்டிப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்துத் தண்ணீர்க் குழாய் ஒன்று பிரஸ் கொட்டகையின் அடியிலிருந்து நேராக வந்து கிடங்குச் சுவருக்குள் நுழைந்திருந்தது. தண்ணீர் நின்று எத்தனையோ வருஷம். பிரஸ்ஸின் ஒவ்வொரு இடியையும் மட்டும் அது நாணயமாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. குழாயை இரண்டு முழம் அறுத்து எடுத்தார்கள். முள் இருபத்தெட்டுக்கு இறங்கியது. சீமையில் படித்த தனக்குத் தோன்றாதது இவருக்கு எப்படித் தோன்றியது என்று கருணாகரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன சொல்கிறார் என்று மதார் சாகிப்புக்குக் கேட்கவில்லை. நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

"உள்ள வந்து பாருங்க, நா தெச்சத" என்று அஜீசுன்னிசா அவர் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனாள். கதவு சாத்தியது. "எப்டி கீது?" என்று அவர் காதருகே வழக்கமான குரலில் கேட்டாள்.

மதார் சாகிப் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினார். "ஏ அஜீசு, இன்னாத்துக்கு இப்டி கத்துற? நா இன்னா செவுடா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குரலை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். அவருக்குக் கேட்டது. வெளியுலகத்து இரைச்சல் குறுக்கே வராத அந்த இடத்தில், அவருக்கு மிச்சமிருந்த கொஞ்சம் காது போதுமானதாக இருந்தது. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சின்னவளுக்கு இருமல் நின்றதா என்றார், நின்றுவிட்டது என்றாள். நெத்திலி வாங்கட்டுமா என்றாள், வாங்கு என்றார். கருணாகரன் கதவைத் தட்டும் வரை குசுகுசுவென்று அரிசி பருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இன்ஸ்பெக்ஷன் அதிகாரி வருகிற நாள் குறிக்கப்பட்டது. அப்போதுதான் பக்கத்து மனையில் இருந்த பீப்பாய்ப் பட்டறையின் ஞாபகம் எல்லாருக்கும் வந்தது. எவ்வளவு கனத்த சுவராக இருந்தாலும் பீப்பாய் தட்டுவது லேசாக உள்ளே வந்துவிடும். பட்டறைக்காரர் சிவந்திக்கும் ஆறுமுகநயினாருக்கும் வேலித் தகராறு. பேச்சுவார்த்தை இல்லை. கருணாகரன் இரண்டு தடவை போய்ப் பேசினார். தட்டுகிற சத்தத்தில் அவர் பேசியது சிவந்திக்குக் கேட்கவேயில்லை. கடைசியில் அஜீசுன்னிசா போய் வேலியோரம் நின்றாள்.

"அண்ணாச்சீ!"

பட்டறையில் ஏழு சுத்தியும் நின்றன.

"நாளைக்கு பத்து மணிலேர்ந்து பதினோரு மணி வரிக்கும் சுத்திய கீழ வெச்சுடுங்கோ. ஆஸ்பத்திரி காத்தாடிக்கு பரீட்ச. நோயாளிங்க தூங்கணும் அண்ணாச்சி, புண்ணியமாப் போவும்!"

"அதுக்கு ஏம்மா இந்தச் சத்தம் போடுத? சரி, நிப்பாட்டுதேன். நீ போ!" என்றார் சிவந்தி, காதைத் தேய்த்துக்கொண்டே.

அதே தொனியில் அவள் குப்பத்துக்குப் போய்ச் சொல்லி, வலை இழுக்கிறவர்களின் ஏலேலோவைத் தள்ளிப்போட வைத்தாள். நெடுஞ்சாலையில் இரும்பு ஏற்றி வந்த கட்டைவண்டிகளைத் தடுத்து நிறுத்தினாள். ரயிலை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்தரை மணி ரயில் போகட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் திருவொற்றியூரின் அந்தக் கோடி ஏதோ பெரிய மனிதர் செத்துப்போனது போல அடங்கிக் கிடந்தது. நடுவில் அஜீசுன்னிசாவின் குரல் மட்டும், "யாரும் சத்தம் போடாதீங்கோ!" என்று தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது.

அறை ஒரு குறையும் வைக்கவில்லை. விசிறியை நிறுத்தியபோது இருபத்தெட்டு. ஓடவிட்டபோது ஐம்பத்தெட்டு.

கருணாகரன் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் ஐம்பத்தெட்டு.

"இவ்வளவு பாடுபட்டு, நம்ம காத்தாடி கத்துதுன்னா கண்டுபிடிச்சோம்?" என்றார் ஆறுமுகநயினார். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். மெத்தைச் சுவரைத் தடவிப் பார்த்து, இப்படி ஒரு அறையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பிறகு சங்கடத்தோடு சொன்னார்: டெண்டர் போட்ட மற்ற மூன்று கம்பெனிகளும் நாற்பது டெசிபல் என்று கடுதாசியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களிடம் அளக்கும் கருவி கிடையாது; கடுதாசியே போதும் என்று மேலிடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே அவர்கள் சொன்னதைத் தவறு என்று சொல்ல வழியில்லை. அளந்தவர்கள் நீங்கள் மட்டும்தான், ஆகவே தோற்றவர்களும் நீங்கள் மட்டும்தான்.

டெண்டர் கைவிட்டுப் போனது. மறுநாளே கிடங்கை இடித்துவிடச் சொன்னார் ஆறுமுகநயினார். இடிக்கவில்லை. காரணம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை கோபத்தோடு உள்ளே போனவர் அங்கேயே கண்ணயர்ந்து, நாலு மணிக்குத்தான் எழுந்து வந்தார். அன்றிலிருந்து அறையைப் பராமரிக்க ஒரு ஆள் தேவை என்று முடிவானது. மெத்தை நமுத்துப்போகாமல் வெயிலில் காயவைக்க, எலி கடித்தால் தைக்க, உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே யாரையும் கத்தவிடாமல் பார்த்துக்கொள்ள. அஜீசுன்னிசாவைவிடப் பொருத்தமான ஆள் யார்? வருகைப் பதிவேட்டில் என்ன வேலை என்று எழுதுவதென்று குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. யோசித்துவிட்டு, 'நிசப்தம்' என்று எழுதிவைத்தார்.

மேனேஜர் தூங்காத நேரத்தில் கருணாகரன் அறையைப் பயன்படுத்திக்கொண்டார். பிளேடை வளைத்துப் பார்த்தார், பேரிங்கை மாற்றிப் பார்த்தார், ஒவ்வொரு மாற்றத்தையும் உள்ளே தொங்கவிட்டு அளந்தார். வெளியே பெட்டி முன்னால் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வது அஜீசுன்னிசா. எண்களைப் படிக்க ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு என்று இறங்கி, அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு நாள், "நாப்பத்தி நாலு சார்!" என்று அவள் போட்ட கூச்சல் பிரஸ் கொட்டகை வரை கேட்டது. கருணாகரன் அவளுக்கும் மதார் சாகிப்புக்கும் சேர்த்து அல்வா வாங்கிவந்து கொடுத்தார்.

அந்த வருஷம் வந்த புது டெண்டரில் சத்தத்தைப் பற்றிய நிபந்தனையே இல்லை. யாராலும் சரிபார்க்க முடியாத நிபந்தனை எதற்கு என்று எடுத்துவிட்டார்களாம்.

செய்ததைக் கடைகளுக்காவது விற்போம் என்று சத்தமில்லாத விசிறியை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் பாதி திரும்பி வந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஹபீபுல்லா தானே குதிரை வண்டி வைத்துக்கொண்டு, நாலு விசிறியோடு வந்து இறங்கினார்.

"இன்னாபா இது? சுத்துது, ஆனா ஒரு சத்தமும் இல்ல. வாடிக்கக்காரன் மேல பாத்து, காத்து வர்லியேங்குறான். பழைய காத்தாடி எப்டி இருந்துச்சு? போட்டா பொடவையெல்லாம் பயந்துடும்!"

காற்று அதே காற்றுதான், பழையதைவிட அதிகம் என்று கருணாகரன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹபீபுல்லா பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரி தம்பி. ஆனா காத்து வருதுன்னு ஜனத்துக்கு யாரு சொல்றது?" என்றார்.

மறுநாள் ஆறுமுகநயினார் உத்தரவு போட்டார்: கொஞ்சம் சத்தம் சேர்க்கவும். மிகையாக வேண்டாம், காற்று வருவது தெரிகிற அளவுக்கு.

கருணாகரன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பிளேடின் நுனியைக் கொஞ்சம் நிமிர்த்தினார். விசிறியை அறைக்குள் தொங்கவிட்டு, இரண்டு கதவையும் சாத்திவிட்டு வந்து, யாரோ இறந்த வீட்டு வாசலில் நிற்பவர் போல நின்றார். அஜீசுன்னிசா பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தாள். நாற்பத்தாறு. அவர் போய் இன்னும் கொஞ்சம் நிமிர்த்திவிட்டு வந்தார். நாற்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம்.

"அம்பது" என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "போதும் சார். இதுக்கு மேல போனா பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வருவான்."

அந்த அளவையே நோட்டில் எழுதிக்கொண்டார் கருணாகரன். அவள் எழுந்து போய் மெத்தைகளைக் காயவைக்கக் கழற்ற ஆரம்பித்தாள். அன்று நல்ல வெயில்.